எந்த டயர் என்று நீ கேட்டாயே

ஜோயல் கண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, வாசலில் நிற்கும் என் காரின் நான்கு டயர்களிலும் காற்று பார்த்ததுதான். பல்கூடத் துலக்கவில்லை. வண்டி ஓடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஓடிவிட்டு வந்து பார்த்தால் சூட்டில் காற்று விரிந்து, அளவைக் கூட்டிக் காட்டும். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, காற்று அளக்கும் கையடக்கமான கேஜை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட் போட வந்த மல்லிகா நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கறது பத்தாதுன்னு காருக்கும் பிரஷர் பாக்கறியா?" என்றாள். சுகரும் பார்க்கப் போகிறேன், வெறும் வயிற்றில்தான் இருக்கிறது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். நேற்று சாயங்காலத்திலிருந்து எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

காரணம் நீதான். கேளம்பாக்கத்திலிருந்து போன் செய்து, சாப்பிட்டாயா, அப்பா எங்கே என்று வழக்கமானதெல்லாம் கேட்டுவிட்டு, "ம்மா, வண்டிக்கு டயர் மாத்தணும். நீ சொல்லு, எது போடலாம்?" என்றாய். பிரியாவின் மாமா கொடுத்த பழைய கார், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் இருவருக்கும் வந்த முதல் வண்டி. அதைப் பற்றிக் கேட்க உனக்கு ஆபீசில் ஆள் இல்லையா, உங்கள் அடுக்குமாடியில் ஆள் இல்லையா? போனைத் தட்டினால் ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேர் மணிக்கணக்காகப் பேசக் காத்திருக்கிறார்கள். நீ என்னைக் கேட்டாய். அப்பாவிடம் கொடு என்றுகூடச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, அடுப்பில் பருப்பு பொங்கி வழிவதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். போன வருஷம் காரைப் பற்றி நீ என்னிடம் பேசிய பேச்சு என்ன, நேற்று கேட்ட கேள்வி என்ன! ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போனிலேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயர் உனக்கு உதவாது. ஏன் உதவாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பிரியாவும் படிக்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது பொழுதுபோக்குக்காக இல்லை, பிரியா. லேபுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாக வடக்கே கோவளம் வரை என் ஏரியா. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொண்ட அசதியில் கிடப்பவர்கள், பஸ் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட கர்ப்பிணிகள். பின்சீட்டில் ஐஸ் பெட்டி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் எல்லார் ரத்தமும் லேபுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். கார் இல்லையென்றால் இந்த வேலை எனக்கு இல்லை. லேபின் உள்ளறையில் ஊசியும் பஞ்சுமாக உட்கார வேண்டியதுதான். ஜோயல் பள்ளிக்கூடம் போய், காலேஜும் முடிக்கிறவரைக்கும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். அதற்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்படிப்பட்டவளுக்குக் காலை வேளையில் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது என்னவாக இருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

போன வருஷம் மழைக்காலத்தின் முதல் மழை. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஏரி ஓரமாக ரோடு வளைகிற இடம். நான் வேகமாக வரவில்லை. முன்னால் போன ஷேர் ஆட்டோ நின்றது, பிரேக்கை மிதித்தேன், கார் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்வதைத் தவிர அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று அறுந்துபோனது போல இருந்தது. பின்பக்கம் ஒதுங்கி, கார் கிட்டத்தட்ட குறுக்கே திரும்பி, ரோட்டோரச் சேற்றில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒரு குப்பியும் உடையவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். ஓட்டியவர் ஒரு பெண் என்று தெரிந்ததும் அவர்களில் ஒருவர், "அதான பாத்தேன்" என்றார். சேற்றைக் கழுவிவிட்டேன். அந்தப் பேச்சைக் கழுவ நாளாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அப்போது வேலை பார்த்த பெங்களூரிலிருந்து வந்தாய். சோபாவில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ம்மா, நீ ஓட்டினது போதும். வண்டியை வித்துடலாம், இல்லன்னா டிரைவர் வெச்சுக்கலாம்" என்றாய். அன்பில்தான் சொன்னாய், பயந்து போயிருந்தாய், அதெல்லாம் எனக்குத் தெரியும். ரோடு வழுக்கியது என்றேன். மழை எல்லாருக்கும்தானே பெய்கிறது என்றாய். அப்பாவோ, தான் சொல்ல நினைத்ததை நீ சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தார். கடைசியில் மூன்று பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். இந்த மழைக்காலம் முடியும்வரை பார்ப்பது; இன்னொரு தடவை இப்படி ஆனால் கார் போய்விடும், நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். நீ அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

காரின்மேல் யார் கண்ணோ பட்டுவிட்டது என்று அப்பாவுக்கு மனதுக்குள் ஒரு எண்ணம். நாம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிற ஆட்கள் இல்லை என்பதால் பாஸ்டர் ஐயாவை அழைத்துக்கொண்டு வந்தார். ஐயா பானெட்மேல் கையை வைத்து நிதானமாக ஜெபித்தார். ஓட்டுகிற சகோதரிக்காகவும், அவள் வீடு திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற சகோதரனுக்காகவும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தவர் குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார். சபை வேனை ஓட்டுவது அவர்தான் என்பது உனக்குத் தெரியுமே. "பிரதர், டயரு மொட்டையா கீதே" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓரத்தில் பட்டன் அப்படியே இருக்கிறதே என்று காட்டினார். டயரின்மேல் இருக்கும் பள்ளமும் மேடுமான அச்சைத்தான் பட்டன் என்பார்கள், பிரியா. ரோட்டில் நிற்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிட்டு ரோட்டைப் பிடித்துக்கொள்வது அதுதான். "ஓரத்துல கீது பிரதர், இல்லன்னு சொல்லல. நடுவுல பாருங்க. என் தலை மாதிரி" என்று ஐயா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். நானும் தொட்டுப் பார்த்தேன். நடுவில் விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. ஜெபம் பண்ணியாகிவிட்டது, இனி டயரை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

நம் வீட்டில் காரை ஓட்டுவது நான், காரைப் பார்த்துக்கொள்வது அப்பா. அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் காற்று, ஆயில், சர்வீஸ் எல்லாம் ஆண்கள் விவகாரம் என்று அவர் நினைத்தார், மெக்கானிக் நினைத்தார், நானும் அப்படியே விட்டிருந்தேன். இந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிற என் வயதுப் பெண்கள் பலர் வீட்டில் இதுதான் நடைமுறை. ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள், டயரைக் கொடுக்க மாட்டார்கள். அன்று பாஸ்டர் போனதும், இந்தத் தடவை டயரை நான் பார்த்து வாங்குகிறேன் என்றேன். "உனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி?" என்றார். தெரியாது, தெரிந்தவர்களைக் கேட்கப் போகிறேன் என்றேன்.

கேட்கத் தொடங்கிய பிறகுதான் அதில் இருக்கும் சிக்கல் புரிந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஸ்டாண்டில் போய், அண்ணே, எந்த டயர் நல்லது என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு கம்பெனி. ஒருவர் சொன்னதை இன்னொருவர் குப்பை என்றார். கட்சிச் சண்டை மாதிரி ஆகிவிட்டது. போனில் பார்த்தால் அதுவும் அப்படித்தான். ஒரே டயரைக் கடவுள் மாதிரி புகழ்ந்து ஒருவர், தலையில் அடித்துக்கொண்டு இன்னொருவர். லேபில் ஒரே ரத்தத்துக்கு இரண்டு ரிசல்ட் வந்தால் நாங்கள் யார் சொல்வது பொய் என்று தேட மாட்டோம். எப்போது எடுத்தது, சாப்பிட்டு எடுத்ததா சாப்பிடாமல் எடுத்ததா என்று கேட்போம். அந்தப் புத்தி எனக்கு இரண்டாவது நாள்தான் வந்தது. எது நல்லது என்று கேட்பதை விட்டுவிட்டேன். கடைசியாக எப்போது டயரால் பயந்தீர்கள், எந்த ரோட்டில், வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். டிரைவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

ஸ்டாண்டில் ஏழுமலை அண்ணன் இருக்கிறாரே, உன்னை முதல்முதல் பெங்களூருக்குக் கொண்டுபோய் விட்டவர், அவர் ஒரு டயரைச் சொன்னார். பெயர் எதற்கு, அந்த டயர் என்று வைத்துக்கொள். சித்திரை வெயிலில் ஓசூர் ரோடு, திருச்சி ரோடு என்று ஓடிக்கொண்டே இருப்பவர் அவர். வேறு டயர் ஒன்று கொதிக்கும் தாரில் வெடித்து, வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்குள் உயிர் போய் வந்ததைச் சொன்னார். அந்த டயரைப் போட்ட பிறகு பயமே இல்லையாம், தேய்மானமும் இல்லையாம். மறுநாள் மாமல்லபுரத்தில் இஸ்மாயில் பாயைப் பார்த்தேன். அவர் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டிலேயே ஓட்டுகிறவர். அவர் அம்மாவுக்கு நான்தான் ரத்தம் எடுக்கிறேன். அவர் வண்டியிலும் அதே டயர். நல்லதாமே பாய் என்றேன். "யாரு சொன்னது? பேஜாரும்மா இது. மழைல சோப்புக் கட்டிமேல ஓட்டறாப்பல கீது. சனியன் தேயவும் மாட்டேங்குது, தேஞ்சாத்தான தூக்கிப் போடறதுக்கு?" என்றார். காற்றில் கடல் மணல் வந்து ரோட்டில் படிந்து, அதன்மேல் தூறல் விழுந்தால் அவர் வண்டி என்ன செய்யும் என்பதைக் கையாலேயே ஆடிக் காட்டினார். வெளிநாட்டு அம்மா ஒருத்தர் பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டாராம்.

கண்ணா, எனக்கு விடை கிடைத்தது அந்த இடத்தில்தான். ஒரே டயர். அண்ணன் சொன்னதும் உண்மை, பாய் சொன்னதும் உண்மை. வெயிலில் நீண்ட தூரம் ஓடித் தேயாமல் இருக்க அந்த ரப்பரைக் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். கெட்டியான ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது. பிடிக்கிற ரப்பர் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. அப்படியென்றால் எனக்கு எது வேண்டும்? நான் திருச்சிக்குப் போகிறவள் இல்லை. செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் போய் வருகிறவள். என் ரோட்டில் ஏரி இருக்கிறது, மணல் இருக்கிறது, மழையில் திடீரென்று நிற்கிற ஷேர் ஆட்டோ இருக்கிறது. என் டயர் கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை, ஈரத்தில் நிற்க வேண்டும். பாயிடம் பேசிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தபோது, பரீட்சைத் தாளில் கடைசிக் கணக்கும் சரியாக வந்துவிட்ட பெண்ணைப் போல இருந்தேன்.

நடுவில் மட்டும் ஏன் மொட்டையானது என்பது பாக்கி இருந்தது. அதைக் கேட்க மறுபடியும் ஏழுமலை அண்ணனிடம் போனேன். பார்த்த உடனே, காற்று அதிகமாக வைத்தால் டயர் நடுவில் உப்பிக்கொண்டு, அந்த இடம் மட்டும்தான் ரோட்டில் உரசும் என்றார். எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேட்டார். நாற்பது என்றேன். யார் சொன்னது என்றார். நீங்கள்தான் எங்கள் வீட்டுக்காரரிடம் மைலேஜ் கிடைக்கும் என்று சொன்னீர்களாம் என்றேன். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார். "ஏம்மா, நான் ஏழு பேர ஏத்திகினு, மேல பொட்டி கட்டிகினு திருப்பதி போறவன். என் வண்டிக்குச் சொன்னேன். நீ ஒரு ஐஸ் பொட்டிய வெச்சிகினு போற. உனக்கு எதுக்கு நாப்பது?" ஸ்டாண்டே சிரித்தது. காரின் முன்கதவைத் திறந்தால் உள்பக்கத்துத் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அந்தக் காருக்கு எவ்வளவு காற்று என்று கம்பெனிக்காரனே அதில் போட்டிருக்கிறான். நாற்பதுக்கு வெகு கீழே. அப்பாவிடம் நான் எதையும் குத்திக் காட்டவில்லை. கதவைத் திறந்து ஸ்டிக்கரை மட்டும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ரொம்ப நேரம் படித்தார். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை, சென்னைக்குப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் அப்பாவுக்கு நாற்காலி போட்டு, அப்பாவிடமே பேச ஆரம்பித்தார். எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்று முதலில் எடுத்து வைத்தது அதே தேயாத டயர். அப்புறம், இன்னும் அகலமாகப் போட்டால் வண்டி கெத்தாக இருக்கும் சார் என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர் பதிலை அப்பாவிடம் சொன்னார். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற டயர் வேண்டும், கார் வந்தபோது இருந்த அதே அளவில் வேண்டும் என்றேன். சாருக்கு எது பிடிக்கும் என்றார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. "ஓட்டறது அவங்க. எனக்குக் கியர் எந்தப் பக்கம் கீதுன்னுகூடத் தெரியாது. அவங்களப் பாத்துப் பேசுங்க" என்றார். ஜோயல், உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இன்றுவரை எனக்குச் சொன்னதிலேயே அழகான பேச்சு அதுதான். கடைக்காரர் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை. உள்ளேயிருந்து வந்த டயர்களின் பக்கவாட்டில் எந்த வருஷம், எந்த வாரம் செய்தது என்று அச்சடித்திருக்கும் எண்ணைக் குனிந்து பார்த்தேன். இரண்டு பழைய சரக்கு. ரப்பர் கடையிலேயே கிடந்து இறுகியிருக்கும், வேறு கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். அதன் பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

கார்த்திகையில் அடைமழை வந்தது. உன்னிடம் அப்பா இதைச் சொல்லியிருக்க மாட்டார். அன்று அவர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, சும்மா வீட்டில் இருக்கிறேனே, நானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அது சும்மா இல்லை என்று இருவருக்கும் தெரியும். இன்னொரு தடவை வழுக்கினால் கார் போய்விடும் என்ற உடன்பாடும் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு வந்தது. மாமல்லபுரத்தில் எல்லா வீட்டையும் முடித்துக்கொண்டு திரும்பினோம். வைப்பர் அடித்து அடித்துத் தள்ளியும் ரோடு மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த ஏரி வளைவு வந்தது. மெதுவாகத்தான் வந்தேன். ஆனால் ஏரியிலிருந்து மேலே ஏறி வந்த எருமைகளில் ஒன்று, மற்றவை நின்றுவிட்ட பிறகும் நிற்காமல் நேராக ரோட்டுக்குள் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். கார் கேட்டது. ரோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமும் இழுக்காமல், நேராக நின்றது. எருமை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது. அப்பாவின் இரண்டு கையும் டாஷ்போர்டின்மேல் இருந்தது. அவர் அதை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. திருக்கழுக்குன்றம் கோயில் கோபுரம் தெரிந்தது. பிறகு, "நல்லா ஓட்டற" என்றார். அவ்வளவுதான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு நாள்கூட நான் லீவு எடுக்கவில்லை. தை பிறந்தபோது காரை விற்பது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவோ டீக்கடையில் கெட்டி ரப்பருக்கும் மெது ரப்பருக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டயர் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது மாதிரி பேசுகிறார் என்று மல்லிகாவின் வீட்டுக்காரர் வந்து சொன்னார். பேசட்டும். இன்னும் கேள்: இஸ்மாயில் பாய் ஒருவழியாக அந்தத் தேயாத டயரைத் தூக்கிப் போட்டுவிட்டார். நான் போட்டதையே போட்டார். போட்டுவிட்டு, அவர் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போன என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வண்டியைக் காட்டினார். ஸ்டாண்டில் நான் டீ குடிக்க நின்றால் இப்போது யாராவது ஒருவர் தன் டயரைக் காட்டி, இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் மேடம் என்று கேட்கிறார். "அதான பாத்தேன்" என்று சொன்ன அந்த ஆளை மட்டும் நான் மறுபடி பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இப்போது உன் டயருக்கு வருகிறேன். நான் போட்டிருப்பதன் பெயரைக் கேட்டு அப்படியே வாங்கிவிடாதே, அது என் ரோட்டுக்கு வாங்கியது. உங்கள் கேளம்பாக்கத்தில் மழை பெய்தால் தண்ணீர் எங்கெல்லாம் நிற்கும், வேகத்தடை எத்தனை, பிரியா வேலைக்குப் போகிற வழி எப்படி, சனிக்கிழமையானால் எந்தப் பக்கம் கிளம்புகிறீர்கள், பின்சீட்டில் யார் உட்காருவார்கள், இதையெல்லாம் முதலில் பேசுங்கள். பிறகு உங்கள் ரோட்டிலேயே தினமும் ஓட்டுகிறவர்களிடம் போய் நிற்க வேண்டும். நல்லதா என்று கேட்காதே. என்ன நடந்தது என்று கேள். நல்லது கெட்டது என்பது அவர்கள் தீர்ப்பு, நடந்தது மட்டும்தான் உனக்குப் பயன்படும். நான்கும் மாற்ற முடியாமல் இரண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியதைப் பின்னால் போடச் சொல். கடையில் எல்லாரும் முன்னால்தான் போட வேண்டும் என்பார்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சேற்றில் நின்று பார்த்தவள்.

அதைவிட முக்கியமாக ஒன்று. அந்தக் காரை உன்னைவிட அதிகமாக ஓட்டப்போவது பிரியா. நீ கம்பெனி பஸ்ஸில் போகிறாய். அப்படியிருக்க, எந்த டயர் என்று நீ போன் செய்து கேட்டாயே தவிர, அவள் என்ன நினைக்கிறாள் என்று நீ சொல்லவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. நம் வீட்டில் பார்த்ததைச் செய்கிறாய். கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. கடைக்காரர் உன்னைப் பார்த்துப் பேசினால், அப்பா சொன்னதை நீயும் சொல். அப்பாவுக்கு அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனது. நீ கல்யாணமான முதல் வருஷத்திலேயே சொல்லிவிட்டால் உன் குடும்பம் எங்களுடையதைவிட எவ்வளவு முன்னால் போய்விடும் என்று பார்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை மறைத்தால் நன்றாக இருக்காது. போன வாரம் எங்கள் லேபை நடத்துகிற டாக்டர் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். கல்பாக்கத்துக்குத் தெற்கே, கூவத்தூர், செய்யூர்ப் பக்கம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் ஊர்களிலிருந்து நிறைய பேர் கூப்பிடுகிறார்கள். ரத்தம் எடுத்து வர அங்கே எந்த லேபும் போவதில்லை. அந்த ரோடு மோசம், பெண்களை அனுப்ப முடியாது, பைக் ஓட்டத் தெரிந்த ஆண் ஒருவரை வேலைக்குப் போடலாம், கிடைக்காவிட்டால் அந்தப் பக்கமே வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றார். எல்லாரும் சரி என்றார்கள். எனக்கு அந்த ரோடு தெரியாது, தெரியாததைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன். முந்தாநாள் வேலை முடிந்து, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மோசம்தான். ஓரமெல்லாம் உடைந்து, ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. ஆனால் போக முடிகிற மோசம். ஒரு டீக்கடையில் நிறுத்தி, அங்கே உப்பு லாரி ஓட்டுகிறவர்களிடம் இந்த ரோட்டில் டயர் எங்கே கிழியும், எந்த மாதத்தில் கிழியும் என்று கேட்டுக்கொண்டும் வந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போய், அந்த ஏரியாவை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அப்பாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

அம்மா